யாருடைய கப்பல்

இரண்டு கிழமைக்குப் போதுமான உடுப்போடுதான் பாக்கியரத்தினம் அந்தக் கப்பலில் ஏறினார். இரண்டு சாரம், மூன்று சேர்ட், ஒரு துவாய், மனைவி இரத்தினேஸ்வரி இடித்துப் போத்தலில் அடைத்துத் தந்த மாசிச் சம்பல், மீன் பிடிக்க ஒரு சுருள் தங்கூசி. இரண்டு கிழமை முடிய மாற்றாள் வருவான் என்று செக்கியூரிட்டிக் கொம்பனியில் சொல்லியிருந்தார்கள். துறைமுகப் பாஸ் எடுக்கவென்று அவருடைய அடையாள அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது ஓகஸ்ட் மாதம்.

சம்பூர் அவருடைய ஊர். ஐம்பத்து நாலு வயது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர்தான். வலது முழங்காலில் தேய்வு வந்து, வள்ளத்தைத் தள்ளி ஏற முடியாமல் போனபிறகு காவல் வேலைக்கு மாறினார். அரிசி மில், சீமெந்துக் களஞ்சியம், கல்யாண மண்டபம் என்று பல வாசல்களில் கதிரை போட்டு இருந்திருக்கிறார். கப்பலில் காவல் இருந்தது கிடையாது. கொட்டியாரக் குடாவின் நடுவே நங்கூரம் போட்டு நின்ற அந்தப் பழைய சரக்குக் கப்பலைக் கரையிலிருந்து எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். கிட்டப் போனபோதுதான், அதன் பெயரை மூன்று தரம் அழித்து எழுதியிருந்தது தெரிந்தது. பழைய பெயர்களின் எழுத்துக்கள் பெயின்றுக்குள்ளால் புடைத்துக்கொண்டு நின்றன.

படகோட்டி றம்ஸான் வழியிலேயே கதையைச் சொல்லிவிட்டான். கப்பலில் ஏதோ வழக்கு. சொந்தக்காரன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது, போன் எடுத்தாலும் பதில் இல்லை. பதினாலு பேர் வேலை செய்த கப்பல். எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒருவன் மட்டும் மிச்சம்.

"அவன் ஏன் போகேல்லை?" என்று கேட்டார் பாக்கியரத்தினம்.

"வழக்கு முடியுமட்டும் கப்பலுக்குப் பொறுப்பு எண்டு ஒராள் இருக்கணுமாம் அண்ணன். கப்டன் இறங்கக்குள்ள ஒரு பேப்பர நீட்டியிருக்கான். இவன் என்ன ஏதெண்டு வாசிக்காம கைவெச்சிட்டான். ஏழு மாசமாப் போச்சு. கால் கரையில படல்ல."

அந்த ஒருவனுடைய பெயர் வில்மர். எக்குவடோர் நாட்டுக்காரன், கப்பலின் இரண்டாவது இன்ஜினியர். முப்பத்தைந்து வயதிருக்கும். தாடி வளர்ந்து, நெஞ்செலும்பு தெரிய மெலிந்திருந்தான். ஸ்பானிய மொழிதான் அவன் பாஷை. ஆங்கிலத்தில் ஒரு நாற்பது சொல் தெரியும். பாக்கியரத்தினத்துக்கு அதுவும் தெரியாது. முதல்நாள் இருவரும் தலையை ஆட்டி ஆட்டியே பொழுதைக் கழித்தார்கள்.

அடுத்தநாள் காலையில்தான் அந்த அதிசயம் நடந்தது. வில்மர் அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், "கொசினா" என்றான்.

"குசினியோ?" என்றார் இவர்.

"கொசினா!"

"குசினி!"

வில்மர் அவரை வியப்போடு பார்த்தான். பிறகு மேசையில் தட்டி, "மேஸா" என்றான். "மேசை," என்றார். காய்ந்துபோன பாண் துண்டைத் தூக்கி, "பான்" என்றான். "பாண்," என்றார். காலிலிருந்ததைக் கழற்றிக் காட்டி, "சப்பாத்தோ" என்றான். பாக்கியரத்தினம் சிரிப்பை அடக்க முடியாமல், "சப்பாத்து! சப்பாத்து!" என்று கத்தினார். முன்னொரு காலத்தில் போர்த்துக்கேயப் பறங்கியர் வந்து விட்டுவிட்டுப் போன சொற்களாம், அவர்களின் பாஷையும் ஸ்பானியமும் உறவாம் என்று மகள் சிவரூபி பின்னேரம் போனில் சொன்னாள். எப்படி வந்ததோ, வில்மர் அன்று அலுமாரி அலுமாரியாகத் திறந்து பொருட்களைத் தேடித்தேடிக் காட்டினான். இத்தனை மாதத்தில் ஒருவன் தன் சொல்லைத் திருப்பிச் சொன்னது அவனுக்கு அதுதான் முதல்தரம்.

அதற்குப் பிறகு எது யாருடையது என்ற பாடம் வந்தது. இரண்டு பேர் ஒரு குசினியில் இருந்தால் அது வந்துதான் தீரும். வில்மர் தன்னுடைய நீலக் கோப்பையை நெஞ்சோடு அணைத்து, "மி தாஸா" என்றான். என்ர கோப்பை. வெள்ளைக் கோப்பையை இவரிடம் நீட்டி, "சு தாஸா" என்றான். உங்கட கோப்பை. இவர் அதையே திருப்பி, நீலக் கோப்பையைச் சுட்டி, "சு தாஸா" என்றபோது வில்மர் சிரித்துக்கொண்டு மறுத்தான். "து. து தாஸா." தன்னுடைய தாடியைத் தொட்டுக் காட்டி, அவருடைய நரைத்த தலையைக் காட்டி, கையை உயர்த்தியும் தாழ்த்தியும் விளக்கினான். பாக்கியரத்தினத்துக்கு உடனே பிடிபட்டது. இளையவனுக்கு "து", மூத்தவருக்கு "சு". நீயும் நீங்களும் போலத்தான். மரியாதை தெரிந்த பிள்ளை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

ஆனால் அந்தச் "சு" ஓரிடத்தில் நிற்கவில்லை. வில்மர் தன் மனைவியின் படத்தைக் காட்டி, "மி முஹேர்" என்றான். அவள் தூக்கி வைத்திருந்த பூனையைக் காட்டி, "சு காத்தோ" என்றான். அவளுடைய பூனை. அதற்கும் "சு"வா என்று இவர் குழம்பினார். பிறகு ஒருநாள் பம்ப் பழுதாகி, வில்மர் கீழே எண்ணெயில் குளித்து மேலே வந்து, ஸ்பானரைத் தளத்தில் எறிந்துவிட்டுக் கடலைப் பார்த்துக் கத்தினான்: "நோ எஸ் மி பார்கோ! எஸ் சு பார்கோ! சு பார்கோ!" பார்கோ என்றால் கப்பல். என்ர கப்பல் இல்லை, அவன்ர கப்பல். கண்காணாத அந்தச் சொந்தக்காரனுடையது. அப்படியென்றால் உங்களுடையது, அவளுடையது, அவனுடையது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். மரியாதைக்கும் அதே சொல், வசவுக்கும் அதே சொல். ஆரைச் சொல்கிறான் என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு கிழமை முடிந்தது. மாற்றாள் வரவில்லை. கொம்பனிக்குப் போன் எடுத்தால், "நாளைக்கு" என்றார்கள். "நாளைக்கு எண்டால் என்ன?" என்று வில்மர் சைகையில் கேட்டான். சூரியனைக் காட்டி, படுத்து எழும்புவதுபோல் நடித்துக் காட்டினார். வில்மர் வாய்விட்டுச் சிரித்தான். "மஞ்ஞானா! ஸி, ஸி, மஞ்ஞானா!" ஏழு மாதமாக அவனுக்கும் அதே சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டெம்பர் போய், ஒக்டோபரும் போனது. கிழமைக்கு ஒருதரம் றம்ஸான் தண்ணீரும் அரிசியும் கொண்டுவருவான். அவனுடைய படகில் ஏறி இறங்கிப் போய்விடலாம்தான். ஆனால் மாற்றாள் வராமல் இறங்கினால் வேலையை விட்டு ஓடியதாகக் கணக்கு, அடையாள அட்டையும் வராது என்று கொம்பனியில் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்கள். வில்மருடைய பாஸ்போர்ட், கப்பல் அலுவல்களைப் பார்க்கும் ஏஜென்ட்டின் கந்தோரில். இவருடைய அட்டை கொம்பனிக் கந்தோரில். "மி பாஸ்போர்த்தே, அய்யா," என்று வில்மர் வெறுங்கையை விரித்துக் காட்டுவான். "மி அட்டை," என்று இவரும் விரிப்பார்.

எல்லாவற்றிலும் கொடுமை, ஊர் கண்ணுக்குத் தெரிந்ததுதான். காற்றுக்கேற்ற மாதிரிக் கப்பல் சங்கிலியில் சுற்றிக்கொண்டேயிருக்கும். காலையில் இடப்பக்கம் தெரிந்த சம்பூர்க் கரை, பின்னேரம் வலப்பக்கம் வந்து நிற்கும். மெல்லிய கோடாகப் பனைமரங்கள். அந்த மண்ணை விட்டு 2006 யுத்தத்தில் ஓடி, கிளிவெட்டி முகாமில் தறப்பாளுக்குக் கீழே வருடக்கணக்காகக் கிடந்து, பிறகுதான் திரும்பிப் போனவர் அவர். முகாமில் இருந்த நாட்களில் யாரோ கொண்டுவந்த சிங்களப் படிவம் ஒன்றில், வரிசையில் நின்ற எல்லோரும் வைக்கிறார்களே என்று அவரும் கைவைத்தார். வேறிடத்தில் குடியேறச் சம்மதம் என்று அதில் இருந்ததாம். அந்த ஒரு கையெழுத்தை இல்லையென்று ஆக்குவதற்குள் செருப்பு இரண்டு சோடி தேய்ந்துவிட்டது.

நவம்பரில் வாடைக்காற்று தொடங்கியது. கடல் கறுத்து, றம்ஸானின் படகு பத்து நாளைக்கு ஒருதரம்கூட வர முடியாமல் போனது. ஒருநாள் அமைதி கிடைத்தபோது ஏஜென்ட் கந்தோரில் இருந்து ஒருவர் படகில் வந்தார். ஏணியில் ஏறி வில்மரோடு மட்டும் கொஞ்சநேரம் கதைத்தார். நடுவில் வைத்த போன் ஒரு பாஷையைக் கேட்டு மற்றப் பாஷையில் பேசியது. பாக்கியரத்தினத்தைப் பார்த்து, "என்ன அய்யா, சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து வில்மர் மாறிப்போனான். அவரை வேலை செய்ய விடவில்லை. தேநீர் போட்டு அவருடைய இடத்துக்கே கொண்டுவந்து, "சு தாஸா, டொன் ரத்னா," என்றான். டொன், அவன் பாஷையில் ஐயா என்பதுபோல. தன்னுடைய தடித்த போர்வையைக் கொண்டுவந்து அவர் கட்டிலில் போட்டு, "சு காமா" என்றான், உங்கட கட்டில். அவர் பிடித்த பாரை மீனை எலுமிச்சம்புளி விட்டுப் பொரித்து, நடுத்துண்டை அவருக்கு வைத்தான். அவர் முகத்தை மட்டும் நேரே பார்க்கவில்லை. வீட்டு நினைப்பாக்கும் என்று இவர் எண்ணிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையைத் துடைத்துவிட்டு ஒரு பேப்பரைக் கொண்டுவந்து வைத்தான் வில்மர். ஆங்கிலத்தில் நெருக்கமாக அடித்திருந்தது. கீழே இரண்டு புள்ளிக்கோடுகள். பக்கத்தில் ஒரு பேனை.

"சு நொம்ப்ரே," என்று மேற்கோட்டைத் தொட்டான். "சு ஃபிர்மா," என்று கீழ்க்கோட்டைத் தொட்டான். காற்றில் கையெழுத்துப் போட்டும் காட்டினான்.

பெயரும் கையெழுத்தும் கேட்கிறான் என்று விளங்கியது. "பொர் கே?" என்று கேட்டார். ஏன் என்பதற்கு அவன் சொல்லித் தந்த சொல்.

"சு பார்கோ," என்றான் வில்மர், மேசையைப் பார்த்துக்கொண்டு.

அவன்ர கப்பல். அந்தச் சொந்தக்காரனின் கப்பல் விஷயமான பேப்பர், சாட்சிக் கையெழுத்தாக இருக்கும். பாக்கியரத்தினம் பேனையை எடுத்தார். முழங்கையை மேசையில் ஊன்றினார். ஆனால் எழுத முன்னம் ஏதோ உறுத்தியது. சொந்தக்காரனைச் சொல்லும்போது வில்மர் எப்போதும் கடல் பக்கம் கையை எறிவான், பல்லைக் கடிப்பான். இன்று எறியவில்லை, கடிக்கவில்லை. தேநீர் தரும்போது சொல்கிற அதே மெல்லிய குரலில் சொன்னான்.

அவர் பேனையைப் பிடித்தபடியே தன் நெஞ்சைத் தொட்டார்.

"மி நொம்ப்ரே?"

"ஸி."

"மி ஃபிர்மா?"

"ஸி, டொன் ரத்னா."

"மி பார்கோ?"

வில்மர் துணியை எடுத்து, துடைத்த மேசையை மறுபடியும் துடைத்தான். வெளியே சங்கிலி ஒருதரம் உராய்ந்து நின்றது.

"மி பார்கோ?" என்று மறுபடியும் கேட்டார், இப்போது கொஞ்சம் உரத்து.

"சோலோ பாப்பெல்," என்றான் வில்மர். வெறும் பேப்பர்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

பாக்கியரத்தினம் பேனையை மூடி வைத்தார். பிறகு தமிழில்தான் கதைத்தார். "அப்ப நீ போவாய், நான் இருப்பன். உன்ர கழுத்தில கிடக்கிறதக் கழற்றி என்ர கழுத்தில போடப் போறாய். அதுக்குத்தானோ நடுத்துண்டு மீன்?" வில்மருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் எல்லாம் விளங்கிய முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

பேப்பரைப் படம்பிடித்து மகளுக்கு அனுப்பினார். சிவரூபி மூதூரில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் தட்டச்சு வேலை செய்கிறவள். பத்து நிமிடத்தில் போன் எடுத்தாள்.

"அப்பா, வழக்கு முடியிற வரைக்கும் கப்பலின்ர முழுப் பொறுப்பும் நீங்கள் ஏற்கிறீங்கள் எண்டு கிடக்கு. கைவைச்சிடாதேங்கோ."

"வைக்கேல்லை பிள்ளை."

"ஆர் உங்களுக்கு விளங்கப்படுத்தினது?"

"அவன்ர பாஷைதான்," என்றார்.

அதன்பிறகு ஒன்பது நாள் அந்தக் கப்பலில் பேச்சில்லை. வில்மர் சோக்கட்டியால் குசினி மேசையின் நடுவே ஒரு கோடு கீறினான். அடுப்பிலும் தண்ணீர் பரலிலும் "மியோ" என்று எழுதினான், என்னுடையது. போர்வையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாக்கியரத்தினம் மேல்தளத்தில் தகரத்தை வளைத்துக் காற்றுக்கு மறைப்புக் கட்டி, உடைந்த பலகைத் துண்டு பொறுக்கித் தனியாகத் தேநீர் வைத்தார். நாற்பது பேர் படுக்கக்கூடிய கப்பல், இரண்டு பேருக்கு இடம் போதாமல் போனது. படியில் எதிர்ப்பட்டால் ஒருவர் திரும்பிப் போய், மற்றவர் கடந்த பிறகு வருவார். கோபத்தைவிட, கோபித்துக்கொண்டு எழும்பிப் போக ஓரிடம் இல்லாததுதான் அவரை வாட்டியது.

பத்தாம் நாள் வில்மர் வெளியே வரவில்லை. பின்னேரம் வரை பார்த்துவிட்டு அறைக்குள் போனார். அவன் இடது தாடை தேங்காய்ப் பாதிபோல வீங்கியிருந்தது. கடைவாய்ப் பல்லில் சீழ். நெற்றியில் கைவைக்க முடியாத சூடு. வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. உப்புத் தண்ணீர் கொடுத்தார், பனடோலைப் பொடித்துக் கரைத்துப் பருக்கினார், ஈரத்துணி போட்டார். இரண்டாம் நாள் கழுத்தும் வீங்கத் தொடங்கியது. ஏஜென்ட் கந்தோருக்குப் போன் எடுத்தார்.

"பொறுப்பாளர் இறங்கினால் கப்பல்ல பொறுப்பாளர் இல்லாமல் போயிடும் அய்யா. நீங்கள் அந்தப் பேப்பரில கையெழுத்தை வைச்சால் உடன படகு அனுப்பலாம்."

"மனிசன் செத்தால் ஆர் பொறுப்பு?"

"அது எங்கட கையில இல்லை அய்யா."

போனை வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார். மேசையில் கிடந்த பேப்பரை அவர் எடுப்பதை வில்மர் கட்டிலில் கிடந்தபடி பார்த்தான். கையை உயர்த்தி ஆட்டினான். திறக்காத வாய்க்குள்ளால், "நோ. நோ ஃபிர்மே. நோ சு பார்கோ," என்றான். கைவைக்க வேண்டாம். உங்கட கப்பல் இல்லை. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான்.

பாக்கியரத்தினம் மகளுக்குப் போன் எடுத்தார். சிவரூபி முதலில் மாட்டேன் என்றாள். இரத்தினேஸ்வரி போனைப் பறித்து, "இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? ஒருக்கா பேப்பரில கைவைச்சு நாங்கள் பட்டது காணாதோ?" என்று கத்தினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "அவனுக்கு மூச்சு இழுக்குதப்பா," என்றார். சிவரூபி போனைத் திரும்ப வாங்கினாள்.

"சரி அப்பா. நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ. கையெழுத்துக்கு மேல, தமிழில."

அவர் எழுதினார். "இந்தக் கப்பல் என்னுடையது அல்ல. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய் வரும்வரை, மூன்று நாட்களுக்கு மட்டும் காவல் இருக்கச் சம்மதிக்கிறேன்." திகதி போட்டு, பெயர் எழுதி, கையெழுத்து வைத்தார். மகள் சொன்னபடி அவளுக்குப் படம் எடுத்து அனுப்பிய பிறகே பேப்பரைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கையெழுத்து ஆயிற்று என்று ஏஜென்ட் கந்தோருக்குச் சொன்னார்.

அடுத்தநாள் காற்று கொஞ்சம் விட்டிருந்த நேரம் பார்த்து றம்ஸான் படகைக் கொண்டுவந்தான். வில்மரைக் கயிற்றுக் கதிரையில் இருத்தி இறக்கினார்கள், பேப்பர் உறையும் அவனோடு போனது. றம்ஸான் அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டான். "அண்ணன், நீங்களும் ஏறுங்க. ஆர் கேக்கப் போறான்?"

"கையெழுத்து வைச்சிட்டன் தம்பி. நீ கெதியாய்ப் போ. அவனைப் பார்."

படகு தூரப் போகும்வரை வில்மர் கையைத் தூக்கியபடி இருந்தான்.

மூன்று நாள் போனது. ஒரு கிழமை போனது. ஆஸ்பத்திரியில் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், ஆள் எழும்பி இருக்கிறான் என்று றம்ஸான் போனில் சொன்னான். பிறகு ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்றான். பதின்மூன்றாம் நாள் அவருடைய போனில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது.

"டொன் ரத்னா," என்று தொடங்கியது. "எஸ்தோய் என் மி காசா."

மி காசா. என்ர வீடு. அதற்கு ஒருவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பின்னணியில் ஒரு பெண் யாரையோ கூப்பிடுவதும், பாத்திரம் வைக்கிற சத்தமும் கேட்டன. பாக்கியரத்தினம் தளத்தில் அப்படியே இருந்துவிட்டார். மிச்சத்தை அவர் கேட்கவில்லை. மகளுக்கு அனுப்பினார். சிவரூபி அதைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து ஏஜென்ட் ஆக்கள் வானில ஏத்தி, பாஸ்போர்ட்டைக் கையில குடுத்து நேரே எயார்போர்ட்டுக்குக் கொண்டுபோயிட்டினமாம் அப்பா. திரும்பிப் போறியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையாம்." கொஞ்சம் தயங்கினாள். "தானும் ஒண்டும் கேக்கேல்லையாம். அதையும் சொல்லுறார்."

அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்த வானில் தான் இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்றும் யோசித்தார். அந்த யோசனையால் கோபம் குறையவில்லை. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க இடமில்லாமல் போனதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு எழுபது நாளுக்குக் கிட்ட அவர் தனியாக இருந்தார். கையெழுத்து வைத்தவர் இறங்கினால் கப்பலைக் கைவிட்டதாகக் கணக்கு, அட்டையும் வராது என்று ஏஜென்ட் கந்தோரிலும் கொம்பனியிலும் சொல்லிவிட்டார்கள். டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றது. போனுக்கு மட்டும் ஒரு சின்னச் சூரியத்தகடு. மழை நாட்களில் அதுவும் இல்லை. பழுதான பம்ப்பின் வழியே அடித்தளத்தில் தண்ணீர் ஊறியது. ஒவ்வொரு காலையும் ஏணியில் இறங்கி, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சுவரில் சோக்கட்டியால் அடையாளம் வைத்தார். முழங்கால் படியேற மறுத்தது. தங்கூசியைக் கட்டிவிட்டு மீன் கொத்துகிறதோ இல்லையோ அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். சில நாட்களில் ஒருவரும் இல்லாத குசினியில் போய் நின்று, மேசையைத் தொட்டு "மேஸா" என்பார். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிடுவார்.

இரத்தினேஸ்வரி முதலில் ஏசினாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டையும் விட்டுவிட்டாள். காலையில் போனை எடுத்துக் குசினி ஜன்னலில் வைத்துவிட்டுத் தன்பாட்டில் வேலை செய்வாள். அவர் இங்கே கப்பலில் இருந்துகொண்டு, அவள் தேங்காய் துருவுகிற சத்தம், தாளிக்கிற சத்தம், கோழியைத் துரத்துகிற சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். கதைக்க ஒன்றுமில்லை. போனின் சார்ஜ் முடியும்வரை அப்படியே இருவரும் இருப்பார்கள்.

சிவரூபிதான் விடவில்லை. நொத்தாரிசைப் பிடித்து, அவர் வழியாகத் திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, நீதிமன்றத்தில் வழக்கு வைத்தாள். கையெழுத்து வைத்த ஆள் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்தான் என்று ஏஜென்ட் பக்கத்தில் வாதிட்டார்கள். தமிழில் எழுதியிருந்ததை, வாசிக்கத் தெரியாத கிழவர் ஏதோ கிறுக்கியது என்றார்கள். சட்டத்தரணி அந்த வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சத்தியக் கடதாசியோடு கொடுத்தார். இரண்டு தவணை போனது. மூன்றாவது தவணையில், அவர் காவலாளிதானே தவிரப் பொறுப்பாளர் இல்லை, மூன்று நாளுக்கு மேல் அவரை வைத்திருந்தது தவறு, உடனே இறக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. கப்பலை ஏலத்தில் விடவும் அப்போதுதான் முடிவானது.

மாசி கடைசியில் ஒரு காலை, றம்ஸானின் படகு வந்தது. சிவரூபியும் வந்திருந்தாள். அப்பாவின் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் எழும்பி நின்றாள். அவர் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதியில் முழங்கால் மடங்காமல் நின்றபோது, "அவசரமில்லை அப்பா, ஆறுதலாய் இறங்குங்கோ," என்றாள். றம்ஸான் முதுகைப் பிடித்து இறக்கினான். கரைக்கு வரும்வரை அவர் கப்பலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்ததல்ல, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபிறகும் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அறைக் கதவை யாராவது சாத்தினால் எழும்பிப் போய்த் திறந்துவிடுவார். குளிக்கும்போதும் கதவு பாதிதான். பக்கத்து வளவுக்காரர் ஆசையாக நீட்டிய கலியாண வீட்டுப் பரிசுப் பதிவுக் கொப்பியில்கூடப் பெயரெழுத மறுத்து, மகளை எழுதச் சொன்னார். இப்போது கிளிவெட்டிப் பக்கம் ஒரு அரிசி மில்லில் பகல் காவல். காலையில் சைக்கிளில் போய், வெயில் சாயமுன் திரும்பிவிடுகிறார். ஏலத்தில் எடுத்தவர்கள் கப்பலை உடைக்கவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். ஊரில் சிலர் அவரைக் கப்பல்காரர் என்று பகிடி பண்ணுவார்கள். அவர் சிரிப்பதில்லை, கோபிப்பதுமில்லை.

வில்மர் இடைக்கிடை குரல்பதிவு அனுப்பிக்கொண்டே இருந்தான். அவர் எதற்கும் பதில் போடவில்லை. அழிக்கவுமில்லை. சித்திரை பிறந்து ஒரு கிழமை கழித்து, வேலையில்லாத ஒரு நாள் காலையில், கிணற்றடியில் இருந்துகொண்டு போனை எடுத்தார். ஏன் திரும்பி வரவில்லை என்று கேட்க நினைத்தார். வருகிறேன் என்று நீ கைகாட்டினாயா, போகிறேன் என்று காட்டினாயா என்று கேட்க நினைத்தார். அதற்கெல்லாம் அவரிடம் சொல் இருக்கவில்லை. என்ர, உன்ர, அவன்ர, சில சாமான்களின் பெயர், இவ்வளவுதான் இருந்தது. இரண்டு தரம் தொடங்கி நிறுத்தினார். மூன்றாம் தரம் பேசினார்.

"வில்மர். மி காசா," என்றார். "மி முஹேர். மி இஹா." மகளுக்கு அவன் சொல்லித் தந்த சொல் அது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "து முஹேர், பியென்?" என்று கேட்டார். உன்ர பெண்சாதி சுகமோ? "து... பல்லு. பல்லு, பியென்?" பல்லுக்கு அவன் பாஷையில் என்ன சொல் என்று அவர் கேட்டு வைத்திருக்கவில்லை.

குசினிக்குள் இருந்து இரத்தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "ஆரோட கதைக்கிறியள்?"

"அந்தப் பொடியனோட."

"இன்னும் என்ன கதை அவனோட?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

அவர் பதிவை ஒருதரம் போட்டுக் கேட்டார். பிறகு அனுப்பினார்.